மச்சம் வைத்த பொத்தான்

என் அக்கா வேலை பார்த்த இடத்துக்கென்று ஒரு மணம் இருந்தது. ஈயம் உருகும் புகை, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, வெகுநேரம் ஓடிச் சூடாகிப்போன பிளாஸ்டிக், எல்லாம் கலந்த மணம். அக்கா வீட்டுக்கு வரும்போது அவள் புடவையிலும் அது கூடவே வரும். அம்மா முகத்தைச் சுளிப்பாள். எனக்கு மட்டும் அது பிடிக்கும். இப்போதும் ஏதாவது ஒரு ரிப்பேர் கடையைத் தாண்டிப் போகும்போது அந்த மணம் வந்தால், போகிற காரியம் மறந்து இரண்டு நிமிடம் நின்றுவிடுவேன்.

டேப் ரெக்கார்டர் செய்கிற ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டர் அது. கீழே மருந்துக்கடை. அதன் பக்கவாட்டில் ஒரு குறுகலான படிக்கட்டு. ஏறினால் நீளமான ஒரு கூடம். கண்ணாடி பதித்த மேசைக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருப்பாள். எதிரே, செட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்கள் காத்திருக்கும் மர பெஞ்சு. அக்காவுக்குப் பின்னால் பலகைத் தடுப்பு. அதற்கு அப்பால் மெக்கானிக்குகள்.

அப்போது நான் பக்கத்துத் தெருவில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருந்தேன். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போய்விடுவேன். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வேலைதான். ஒரே ஒரு வித்தியாசம். என்னிடம் வருகிறவர்கள் வாயைத் திறக்கப் பயப்படுவார்கள். அவளிடம் வருகிறவர்கள் வாயை மூடவே மாட்டார்கள்.

"எம்மா, இது போன வாரம் வரைக்கும் கிளி மாதிரி பேசிட்டு இருந்துச்சு. இப்ப தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி பேசுது."

"ஹெட்ல அழுக்கு சேர்ந்திருக்கும்ங்க. துடைச்சா சரியாயிடும். உட்காருங்க."

இப்படித்தான் நாள் முழுக்க. நாடா சிக்கி வயிறு கலங்கிய கேசட்டுகளோடு வருவார்கள். அக்கா மேசை மேலேயே ஒரு பென்சில் வைத்திருப்பாள். கேசட்டின் ஓட்டையில் அதைச் செருகி, பேசிக்கொண்டே சுற்றிச் சுற்றி நாடாவை உள்ளே அனுப்பிவிடுவாள். அதற்குள் வந்தவர் தன் குடும்பக் கதையில் பாதியைச் சொல்லி முடித்திருப்பார்.

தடுப்புக்குப் பின்னால் இருந்த தலைமை மெக்கானிக்கை எல்லோரும் "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். செட்டைத் திறப்பதற்கு முன்னால் அதன்மேல் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்பார். பிறகு நோயைச் சொல்வார். "பெல்ட் தளர்ந்து போச்சு", "மோட்டார் மூச்சு வாங்குது" என்பது போல. நிஜ டாக்டரிடம் வேலை பார்க்கிற என்னிடம் அவருக்கு ஒரு தனி மரியாதை. "உங்க டாக்டர் சௌக்கியமா?" என்று ஒரு சக டாக்டரைப் போலவே விசாரிப்பார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஒரு புது மாடலைக் கொண்டுவந்தது. அதற்கு ஏதோ எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர். ஜனங்கள் வைத்த பெயர் "வெள்ளிப்பெட்டி". அதுவரை வந்த செட்டுகள் எல்லாம் சோப்புப் பெட்டிக்கு அண்ணன் மாதிரி இருக்கும். கட்டை கட்டையான பொத்தான்கள், அழுத்தினால் கதவைச் சாத்துகிற மாதிரி சத்தம். வெள்ளிப்பெட்டி மெலிசாக, வழவழவென்று இருந்தது. ஒரே வரிசையில் ஆறு பொத்தான்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளி நிறம், உடம்போடு உடம்பாக ஒட்டிக் கிடக்கும். விரல் பட்டாலே போதும், உள்ளே போய்விடும். "ஒரே தொடலில் பதிவு" என்று விளம்பரம் செய்தார்கள். பழைய செட்டில் பதிவு செய்ய இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். இதில் ஒன்றே போதும். அதன் வடிவத்துக்கு எங்கோ ஒரு பரிசுகூடக் கிடைத்தது. பத்திரிகையில் படம் வந்தது.

அக்காவுக்கு அந்தச் செட்டின் மேல் கொள்ளை ஆசை. ஊழியர்களுக்கான சலுகையில் தவணை கட்டி ஒன்றை வாங்கி வந்தாள். சாயங்காலம் அதை நடுக்கூடத்தில் வைத்து, நாங்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்து பாட்டுக் கேட்டது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அம்மா அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து இன்னும் பளபளப்பாக்கினாள். "நம்ம வீட்டுலயே அழகானது இதுதான்" என்றாள். வீட்டில் கல்யாண வயதில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மழைக்காலம் வந்ததும் புகார்களும் வரத் தொடங்கின. எல்லாம் வெள்ளிப்பெட்டிக்காரர்கள். எல்லோரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான். "கேசட்டுல இருந்தது காணாமப் போச்சு." அக்கா சீட்டு எழுதி உள்ளே அனுப்புவாள். டாக்டர் காதை வைத்துப் பார்ப்பார், திறந்து பார்ப்பார், பாட விட்டுப் பார்ப்பார். "செட்டுக்கு ஒரு குறையும் இல்ல. ராஜா மாதிரி இருக்கு" என்று சொல்லி, "பழுது இல்லை" என்ற ரப்பர் முத்திரையைச் சீட்டில் குத்தி அனுப்பிவிடுவார்.

அதைச் சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டியது அக்காவின் வேலை. "செட் நல்லாத்தான் இருக்குங்க" என்பாள். வந்தவர்கள் கோபப்பட்டால்கூட அவள் தாங்கிக்கொள்வாள். பெரும்பாலானவர்கள் கோபப்படவில்லை. முகம் சுருங்கிப்போய், "அப்போ நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்று செட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சாப்பிடும்போது சொல்லுவாள், "நல்லா இருக்கற செட்டைத் திருப்பிக் குடுக்கறேன். என்னமோ திருட்டுப் பொருளைக் குடுக்கற மாதிரி இருக்குடி."

ஒரு நாள் மதியம் ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் வந்தார்கள். நானும் அப்போது அங்கே இருந்தேன். டிரைவர் மாலை டியூட்டிக்குப் போகிற வழியில் காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். அந்த அம்மா செட்டைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டிருந்தார். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன ஒரே மகள், மாதம் ஒரு கேசட்டில் பேசி அனுப்புவாளாம். தினமும் விளக்கு வைத்ததும் அந்த அம்மா அதைப் போட்டுக் கேட்பாராம். மின்சாரம் போன ஒரு சாயங்காலம், பேட்டரியில் கேட்கலாம் என்று இருட்டில் தடவி அழுத்தியிருக்கிறார். மகள் பேசவில்லை. என்னடா என்று உட்கார்ந்தே இருந்திருக்கிறார். விளக்கு வந்த பிறகு திருப்பிப் போட்டுப் பார்த்தால், மகள் பேசிய இடத்தில் குக்கர் விசில் சத்தமும், "என்ன இது, பேசவே மாட்டேங்குதே" என்று அவரே புலம்பிய குரலும் இருந்தன.

அக்கா செட்டை வாங்கி உள்ளே கொடுத்தாள். முத்திரையோடு அது திரும்பி வந்தது.

அந்த அம்மா முத்திரையைப் பார்த்துவிட்டு, "என்ன எழுதிருக்கு?" என்று கணவரைக் கேட்டார்.

"செட்டுல தப்பு இல்லையாம்."

"எனக்குத் தெரியுமே. நான் அப்பவே சொன்னேன்ல? செட்டுல எதுக்குத் தப்பு இருக்கப் போகுது. எனக்குத்தான் இதெல்லாம் வராது." அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டது. "இனிமே நான் தொடலம்மா. இவரு வந்து போட்டாக் கேட்டுக்கறேன்."

"ராத்திரி டியூட்டி முடிஞ்சு இவரு வர்றப்போ நீங்க தூங்கிருவீங்களேம்மா" என்று அக்கா கேட்டாள்.

அந்த அம்மா செட்டைத் துணியில் சுற்றத் தொடங்கினார். அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. ஆறு பொத்தானையும் ஒரே மாதிரி வச்சா இருட்டுல யாருக்கும்மா தெரியும்? எனக்கும் தெரியாது."

கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜரும் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அவர்கள் போனதும் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. பயந்த சுபாவம். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிறவர். "கம்பெனி நாற்காலில உட்கார்ந்துகிட்டு கம்பெனி பொருள் சரியில்லன்னு சொல்லலாமாம்மா? பரிசு வாங்கின செட்டு அது" என்றார்.

"பரிசு குடுத்தவங்க பகல்ல பார்த்திருப்பாங்க சார்."

"அதை எங்கிட்ட சொல்லி என்ன பண்ண? வரைஞ்சவங்ககிட்ட சொல்லு."

அவர் வாய் வார்த்தைக்காகத்தான் சொன்னார். அக்கா நேரே போய் போனை எடுத்துத் தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவுக்கு இணைப்பு வாங்கிவிட்டாள். எடுத்தவர் வெள்ளிப்பெட்டியை வரைந்தவரேதான். எனக்கு மறுமுனையும் கேட்கட்டும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"கேசட்டோட முதுகுல ரெண்டு சின்னப் பட்டை இருக்கும். அதை உடைச்சுட்டா எதை அழுத்தினாலும் அழியாது. கையேட்டுல தெளிவாப் போட்டிருக்கோமே" என்றார் அவர்.

"எந்தப் பக்கத்துல சார்?"

காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "பார்த்துதான் சொல்லணும்."

"எழுதினவங்களே பார்த்துதான் சொல்லணும்னா படிக்கறவங்க என்ன பண்ணுவாங்க? அதோட பட்டையை உடைச்சுட்டா அதுல திரும்பப் பேச முடியாது சார். இங்க வர்றவங்க ஒரே கேசட்டைத்தான் மாத்தி மாத்திப் பேசி அனுப்பிக்கறாங்க. யாரு உடைப்பாங்க?"

"மேடம், ஒவ்வொரு பொத்தான் மேலயும் குறி செதுக்கியிருக்கோம்."

"வெள்ளி மேல வெள்ளியா செதுக்கியிருக்கீங்க. ஒரு நாள் இங்க வந்து பெஞ்சுல உட்கார்ந்து பாருங்க சார். அப்புறமும் நீங்க இதையே சொன்னா நான் கேட்டுக்கறேன்."

வருவார் என்று அவள் நினைக்கவில்லை. அடுத்த வாரமே வந்துவிட்டார். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று காட்டத்தான் வந்தார் என்பது அவர் படியேறி வந்த விதத்திலேயே தெரிந்தது. ஒல்லியாக, உயரமாக, மடிப்புக் கலையாத சட்டையோடு, ஒரு வெள்ளிப்பெட்டியை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்த ஒரு மெக்கானிக், "யாருடா இது, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி?" என்றான். அன்றிலிருந்து உள்ளே அவருக்கு "மாப்பிள்ளை" என்றே பெயர்.

அக்கா அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். யார் என்று யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாம் தங்கள் குறையை அவரிடமே சொன்னார்கள். அவரும் ஒரு செட்டோடு உட்கார்ந்திருந்ததால், "உங்களுக்கும் அழிஞ்சு போச்சா?" என்று அனுதாபமாக விசாரித்தார்கள். ஒரு பாட்டு வாத்தியார், "இதை வடிவமைச்சவன் மட்டும் கையில கிடைச்சா" என்று தொடங்கி நீளமாகப் பேசினார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். ஆனாலும் மனம் மாறவில்லை. சாயங்காலம் அக்காவிடம், "பழகாததுதான் காரணம். உட்கார வச்சு ஒரு தடவை சொல்லிக் குடுத்தாப் போதும்" என்றார்.

"சரி, நாளைக்கு ஒரு அம்மா வருவாங்க. நீங்களே சொல்லிக் குடுங்க" என்றாள் அக்கா.

டிரைவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். மறுநாள் மதியம் இருவரும் வந்தார்கள். நான் சாப்பாட்டைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா செட்டைத் தொட மாட்டேன் என்று கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார். மாப்பிள்ளை பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவு நேரம் இருந்த விறைப்பு போய், தன் அம்மாவிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"கேசட் கொண்டு வந்திருக்கீங்களாம்மா?"

டிரைவர் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மகள் அனுப்பியதில் அழியாமல் மிஞ்சியிருந்த கேசட் அது. மாப்பிள்ளை போட்டார். பொத்தானை அழுத்தினார். மகளின் குரல் வந்தது. "அம்மா, நாங்க புது வீட்டுக்கு மாறிட்டோம்மா. இங்க ஜன்னலைத் திறந்தா, தினமும் காலையில..." நிறுத்தினார்.

"இப்போ நிறுத்திட்டேன். மறுபடி கேக்கணும்னா என்ன பண்ணணும்? பயப்படாதீங்கம்மா, என்னைப் பாருங்க." அவர் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, செட்டைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினார். "ரொம்பச் சுலபம்மா. இதை ஒரே ஒரு தடவை அழுத்தினாப் போதும். தப்பு வரவே வராது."

மகள் பேசவில்லை. அவர் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். பிறகு அவர் குனிந்து பார்த்தார். சட்டென்று நிறுத்தினார்.

திருப்பிப் போட்டார். "இங்க ஜன்னலைத் திறந்தா, தினமும் காலையில..." என்றாள் மகள். அடுத்து அவருடைய குரலே கணீரென்று வந்தது. "ரொம்பச் சுலபம்மா. இதை ஒரே ஒரு தடவை அழுத்தினாப் போதும். தப்பு வரவே வராது."

டிரைவர் எழுந்தேவிட்டார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அப்போது அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வர, டிரைவரின் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டே சிரித்தார்.

"இவருக்குமே வரலைங்க! பார்த்தீங்களா? படிச்ச புள்ள, இவருக்கே வரலைங்க!"

"அம்மா, நான்தான் இதை வரைஞ்சேன்" என்றார் மாப்பிள்ளை.

அந்த அம்மாவுக்கு அது இன்னும் பெரிய சிரிப்பாகிவிட்டது. "நீ பெத்த புள்ளையே உன் பேச்சைக் கேக்கலையா? அப்போ என் பேச்சை எங்க கேக்கப் போகுது! போப்பா, விடு. அவகிட்டச் சொன்னா மறுபடி பேசி அனுப்பிட்டுப் போறா. நான்கூட எனக்குத்தான் புத்தி மட்டுன்னு இத்தனை நாளா நினைச்சிட்டு இருந்தேன்."

போகும்போது அந்த அம்மா நிமிர்ந்து நடந்தார். மாப்பிள்ளை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா டீ வரவழைத்துக் கொடுத்தாள். "அந்தம்மா திட்டியிருந்தாத் தேவலைங்க" என்றார். அக்கா, 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான்தான் சொல்லியிருப்பேன். அவள் என்னைவிட நல்லவள்.

அன்று மாலை மாப்பிள்ளை தடுப்புக்குப் பின்னால் போய் டாக்டரின் மேசையில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளிப்பெட்டியின் பொத்தான்களைத் தடவித் தடவிப் பார்த்தார். அக்காவையும் கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார். டாக்டர், "இங்க என்ன கண்ணாமூச்சியா நடக்குது?" என்று கேட்டார். தொழிற்சாலையில் பொத்தானை மாற்ற வேண்டுமானால் அதை வார்க்கிற அச்சையே மாற்ற வேண்டும், அதற்கு மாதக் கணக்கில் ஆகும், அதுவும் மேலிடம் ஒப்புக்கொண்டால்தான். அதுவரைக்கும் இங்கேயே ஏதாவது செய்ய முடியுமா என்று மூவரும் யோசித்தார்கள். பெயின்ட் வைத்தால் இருட்டில் தெரியாது. ரப்பர் ஒட்டினால் உரிந்துவிடும். கடைசியில் டாக்டர் ஒரு கெட்டிப் பசையை, ஊசி முனையால், பதிவுப் பொத்தானின் நடுவில் ஒரே ஒரு சொட்டு வைத்தார். காய்ந்ததும் அது கடுகு அளவில் புடைத்து நின்றது. விரல் பட்டதும் தெரிந்தது. பார்ப்பதற்கு அந்த வழவழப்பான முகத்தில் ஒரு மச்சம் வைத்த மாதிரி இருந்தது.

"கெட்டுப் போச்சே உங்க அழகு" என்றாள் அக்கா.

"மச்சம் இருந்தா அழகுதானே" என்றார் மாப்பிள்ளை. சொல்லிவிட்டு, அக்காவின் முகவாயைப் பார்த்தார். அவளுக்கு அங்கே ஒன்று உண்டு. டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு ஒரு செட்டின் மேல் காதை வைத்துக்கொண்டார்.

அதன்பின் "கேசட் அழிஞ்சு போச்சு" என்று வந்த எவரையும் அக்கா வெறுமனே அனுப்பவில்லை. காத்திருக்கச் சொல்லி, இலவசமாக ஒரு சொட்டு வைத்துக் கொடுத்தார்கள். காய்கிற வரைக்கும் விரல் வைக்கக் கூடாது. அதனால் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெஞ்சில் ஒரு கல்யாணச் சம்பந்தம்கூடப் பேசி முடிந்தது என்று டாக்டர் சத்தியம் செய்வார். நாளாக நாளாக, எந்தக் குறையும் இல்லாதவர்களும் வந்தார்கள். படியேறி வரும்போதே, "இங்கதானே மச்சம் வைக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு பெரியவர் பெட்டியைக் கொடுத்து, "அதிர்ஷ்டமான இடமாப் பார்த்து வைங்க" என்றார்.

"பழுது இல்லை" முத்திரையில் மை காய்ந்துவிட்டது.

இது தலைமை அலுவலகம் வரை போகாமல் இருக்குமா? கம்பெனி செட்டில் கண்டதையும் ஒட்டுகிறார்கள் என்று புகார் போய், ஒரு பெரிய அதிகாரி விசாரிக்க வந்தார். கூடத்தில் கால் வைக்க இடமில்லாத நாள் அது. நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க? பரிசு வாங்கின வடிவத்துல பசையை வைக்க உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?" என்று அவர் மேனேஜரைக் கேட்டார்.

மேனேஜர் எழுந்து நின்றார். எப்போதும் நிற்பது போலத்தான் நின்றார். அக்காவைக் கைகாட்டி விடுவார் என்று நான் நினைத்தேன்.

"நான்தான் சார் செய்யச் சொன்னேன்" என்றார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் நிறுத்தவில்லை. "போன மாசம் வரைக்கும் இந்தப் படி ஏறினவங்க தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு இறங்கினாங்க சார். அவங்க இனிமே நம்ம செட்டை வாங்க மாட்டாங்க. கோபத்துல இல்ல சார், பயத்துல. இப்போ பாருங்க, அடுத்த வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வர்றாங்க. வேணும்னா நீங்களே பெஞ்சுல உட்கார்ந்து கேளுங்க."

அதிகாரி உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார். கொஞ்ச நேரம் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒரு பெண்ணிடமிருந்து செட்டை வாங்கி, மச்சத்தின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்படியே இறங்கிப் போய்விட்டார். அன்று மேனேஜருக்கு ஜுரமே வந்துவிட்டது.

அடுத்த வருடம் வந்த வெள்ளிப்பெட்டியில் பதிவுப் பொத்தான் மற்றவற்றிலிருந்து சற்றுத் தள்ளி, சிவப்பாக, நடுவில் ஒரு புடைப்போடு இருந்தது. கொஞ்சம் அழுத்தித்தான் அமுக்க வேண்டும். அது வந்ததற்கு மாப்பிள்ளை கொடுத்த விலை சின்னதில்லை. பரிசு வாங்கிய வரைபடத்தைத் தானே தப்பென்று மேலதிகாரிகள் முன்னால் சொன்னவரை அவர்கள் விடுவார்களா? செட்டு வரைகிற வேலையிலிருந்து எடுத்து, அட்டைப்பெட்டி வடிவமைக்கிற பிரிவில் போட்டுவிட்டார்கள். அக்கா அதைக் கேட்டு அழுதேவிட்டாள். தன்னால்தான் என்றாள்.

"பெட்டின்னா சும்மாவா? அதையும் யாரோ ஒருத்தர் ஆசையாத் திறக்கப் போறாங்கல்ல" என்றார் அவர். கத்தியே இல்லாமல், ஒரு பட்டையை இழுத்தால் திறந்துகொள்கிற பெட்டியை அவர்தான் அந்தக் கம்பெனிக்குச் செய்து கொடுத்தார். வேலை விஷயமாக அவர் எங்கள் பக்கம் வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு வந்தபடியே இருந்தார்.

மாப்பிள்ளை வந்திருந்த அப்படி ஒரு நாள் டிரைவர் வீட்டம்மாவும் வந்தார். மகள் மறுபடி பேசி அனுப்பியிருந்தாள். "ஜன்னல்ல என்னன்னு கேட்டிருந்தீங்களே, பக்கத்து வீட்டுப் பூனைம்மா. தினமும் வந்து உட்கார்ந்துக்கிட்டு என்னையே பார்க்குது. உங்களை மாதிரியே முறைக்குது." அதை அக்காவுக்குப் போட்டுக் காட்டவே பஸ் பிடித்து வந்திருந்தார். தன் செட்டிலும் மச்சம் வைத்துக்கொண்டு போனதிலிருந்து, இருட்டிலும் அவரே போட்டுக் கேட்கிறாராம். அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருந்தது. அதுவரை மகளுக்குப் பதில் பேசி அனுப்பியது டிரைவர்தான். அவர் பேச்சு பஸ் நிறுத்தத்தைச் சொல்வது போல இருக்குமாம். "நாங்கள் நலம். மழை பெய்தது. பணம் வேண்டாம்." அவ்வளவுதான். இப்போது எதை அழுத்தினால் பதிவாகும் என்பது விரலுக்கே தெரிந்துவிட்டதால், அவர் இல்லாத நேரத்தில் அந்த அம்மா தானே பேசத் தொடங்கிவிட்டார்.

முதலில் பேசியதை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். "கேக்குதா? நீ பேசறது எனக்குக் கேக்குது. நான் பேசறது உனக்குக் கேக்குமான்னு தெரியல. சரி, கேக்கும்னு வச்சுக்கிட்டே பேசறேன்..." அதற்குப் பிறகு கேசட்டின் அந்தப் பக்கம் முடிகிற வரைக்கும் ஒரே பேச்சுதான். பல வருடம் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வந்தது. தடுப்புக்குப் பின்னால் மெக்கானிக்குகள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

கேசட் முடிந்ததும் அந்த அம்மா மாப்பிள்ளையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் எத்தனை நாளைக்குத்தான் இந்த டப்பாவைப் பத்தியே பேசிட்டு இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டார். அக்கா பென்சிலைத் தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துவிட்டாள்.

அக்காவின் கல்யாணத்தில் டாக்டர்தான் பெண் வீட்டுப் பக்கம் எல்லாவற்றையும் ஓடியாடிப் பார்த்துக்கொண்டார். மெக்கானிக்குகள், "நாங்க அன்னைக்கே மாப்பிள்ளைன்னு பேரு வச்சோம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அன்றிலிருந்து அவர் எனக்கு அத்தான்.

அந்த சர்வீஸ் சென்டர் இப்போது இல்லை. கேசட்டுகள் போயின. அவற்றைத் தொடர்ந்து கம்பெனியும் போய்விட்டது. கடைசி வருடங்களில் பெஞ்சில் யாருமே இல்லாமல், அக்கா வெறுமனே ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூடுகிற அன்று அவளை அழைத்துவர நான் போயிருந்தேன். டாக்டர் தன் கருவிகளைத் துணியில் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். "உங்க டாக்டர் சௌக்கியமா?" என்றார் வழக்கம் போல. எங்கள் டாக்டர் தொழிலை விட்டு நாளாகியிருந்தது. "சௌக்கியம்" என்றேன்.

போன மாதம் அக்காவுக்குத் துணி துவைக்கும் மெஷின் வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் இருவரோடு கடைக்குப் போவது ஒரு தண்டனை. நானும் மாட்டிக்கொண்டேன். கடையில் பளபளவென்று வரிசையாக நின்றன, எதிலும் பொத்தானே இல்லாமல், முழுக்கக் கண்ணாடி. அத்தான் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்துத் தடவினார். விற்பனைப் பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"பயப்படாதம்மா. அவரு அப்படித்தான்" என்றேன்.

அக்கா தன் பங்குக்குத் தொடங்கினாள். "இது நின்னு போச்சுன்னா நான் எங்கம்மா வரணும்?"

"நீங்க எங்கயும் வர வேண்டாம் மேடம். ஒரு நம்பர் இருக்கு. கூப்பிட்டாப் போதும்."

"கூப்பிட்டா யாரு எடுப்பா?"

"முதல்ல ஒரு பதிவு பேசும் மேடம். ஒண்ணு, ரெண்டுன்னு அழுத்தச் சொல்லும்."

"அதுக்கப்புறம்?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "தெரியல மேடம்" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, சுற்றிலும் பார்த்துவிட்டு அக்காவின் பக்கம் குனிந்து, "ஏதாவதுன்னா எங்கிட்ட வாங்க மேடம். நான் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றாள்.

அக்கா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அத்தானைக் கூப்பிட்டு, "கண்ணைத் திறங்க. இந்தப் பொண்ணு காட்டறதையே வாங்கிடலாம்" என்றாள்.